ரோபஸ்டாவின் எடை

"முள்ளு எங்க நிக்குது, பார்த்துச் சொல்லு."

"ரெண்டு தொள்ளாயிரம்."

"கண்ணாடி போட்டுக்கிட்டுச் சொல்லு தெரசா."

"போட்டுக்கிட்டுத்தாங்க சொல்றேன். ரெண்டு கிலோ தொள்ளாயிரம்."

என் வீட்டுக்காரர் லூர்துராஜ் தராசை ஆடாமல் பிடித்துக்கொண்டு தானும் ஒருமுறை குனிந்து பார்த்தார். கொக்கியில் மிளகுப் பை தொங்கியது. பைக்குள் எங்கள் பூனை ரோபஸ்டா. தலையை மட்டும் வெளியே நீட்டி, பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தவள் மாதிரி எங்கள் கொட்டச்சேடு கிராமத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குப் பதினாறு வயது. எஸ்டேட் குடோனில் காப்பி மூட்டை மேல் பிறந்த குட்டிகள் இரண்டு. காப்பி ரகங்களின் பெயரையே வைத்தோம். அராபிகா ஒரு மாதத்தில் செத்துப்போனது, இது நின்றது.

"போன சனிக்கிழமை எவ்வளவு?"

காலண்டரைப் பார்த்தேன். சனிக்கிழமைக் கட்டங்களில் மட்டும் பென்சிலால் எழுதியிருந்தார். "ரெண்டு எண்ணூறு."

"நூறு கிராம் கூடியிருக்குது."

"நல்லதுதானுங்களே. மாதா கண்ணத் தொறந்துட்டாங்க."

"என்னத்த நல்லது? ஒம்பது நாளா நான் வெக்கிறத மோந்து பார்த்துட்டு வாலைத் தூக்கிட்டுப் போகுது. திங்காத பூனை எப்படி எடை கூடும்?"

நான் காலண்டரை மறுபடியும் பார்த்தேன்.

"முப்பத்தோரு வருசம் ரைட்டரா இருந்தவன் நான். பை சிறுசா இருந்து எடை பெருசா இருந்தா அதுக்கு ஒரே அர்த்தந்தான். யாரோ கல்லு போட்டிருக்காங்க."

ரைட்டர் என்றால் எஸ்டேட்டில் காப்பிப் பழத்தை எடை போட்டுப் பறித்தவள் பெயருக்கு நேரே எழுதுகிறவர். சாயங்காலமானால் பெண்கள் பையோடு வரிசையில் நிற்பார்கள். எடைக்காக அடியில் கல் போடுகிறவளும் உண்டு, பச்சைக்காயைப் போட்டு மேலே பழத்தைப் பரப்புகிறவளும் உண்டு. அதனால் இவர் ஒவ்வொரு பைக்குள்ளும் முழங்கை வரைக்கும் கையை விட்டு அடியைத் துழாவிய பிறகுதான் தராசில் மாட்டுவார். வேலையை விட்டு எட்டு வருசமாகிறது. அந்தக் கை மட்டும் நிற்கவில்லை. கடையில் வாங்கிய சர்க்கரைக்குள்ளும் விட்டுப் பார்க்கும்.

இப்போது அந்தப் பார்வை என் மேல் திரும்பியது.

"நீதானே?"

"நானா?"

"நான் பூசைக்குப் போற நேரத்துல எதையாச்சும் போடறியா?"

"ஏனுங்க, தபசு காலத்துல இந்த ஊட்டுல கவுச்சிக்கு எங்கீங்க போறது? கருவாட்டு டப்பாவக் கழுவிக் கவுத்து இருபத்திநாலு நாளாச்சு. நீங்களே பார்த்தீங்கல்ல."

"சிலுவை மேல கை வெச்சுச் சொல்லு."

நாற்பத்திரண்டு வருசம் குடித்தனம் நடத்தியவள், ஒரு பூனைக்காகச் சிலுவை மேல் கை வைத்துச் சத்தியம் செய்தேன். அவர் தலையை ஆட்டினார். முழுதாக நம்பிய ஆட்டம் இல்லை அது.

"அப்ப வெளியாளு" என்றார்.

*

ஜனவரியில்தான் எங்களுக்கு விசயமே தெரிந்தது. ரோபஸ்டா தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தது. வாளியில் குடிக்கும், தொட்டியில் குடிக்கும், மாதா படத்துக்கு முன்னால் பூ வைத்திருந்த டம்ளரிலும் தலையை விடும். முதுகைத் தடவினால் எலும்பு ஒவ்வொன்றாகக் கையில் தட்டுப்பட்டது. ஏற்காடு மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே சிவரஞ்சனி என்று ஒரு டாக்டரம்மா, எங்கள் மகள் வயதுகூட இருக்காது. ரத்தம் எடுத்துச் சேலத்துக்கு அனுப்பி, ரிசல்ட் வந்ததும் கூப்பிட்டுவிட்டார்.

"கிட்னி ரெண்டும் களைச்சுப் போச்சுங்க ஐயா. வயசாச்சுல்ல."

"சரியாயிருமா?"

"பழையபடி ஆகாதுங்க. இருக்கிறதக் காப்பாத்திக்கலாம். நல்லாப் பார்த்துக்கிட்டா ஒரு வருசம், ஏன், ரெண்டு வருசம்கூட இருக்கும். கவனிக்காம விட்டா அடுத்த மழைக்குத் தாங்காது."

இவர் சட்டைப் பையிலிருந்து டைரியை எடுத்தார். "சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

"உப்பு கூடவே கூடாது. கருவாடு கண்ணுலயே காட்டாதீங்க. மசாலா, கொழம்பு, எலும்பு வேண்டாம். கோழிக்கறி சும்மா தண்ணியில அவிச்சு, முன்ன குடுத்ததவிடக் கொஞ்சம் கம்மியா. முட்டையில வெள்ளைக்கரு நல்லது. நாலு வேளையாப் பிரிச்சுக் குடுங்க. ஊட்டுல நாலு எடத்துல தண்ணி வையுங்க."

"கறி கம்மி" என்று சொல்லிக்கொண்டே எழுதினார்.

"எல்லாத்தவிட முக்கியம், அது சாப்பிடணும். வயசான பூனை ரெண்டு மூணு நாள் வயித்தக் காய விட்டுச்சுன்னா ஒடம்பு தன் சதையையே திங்க ஆரம்பிச்சிரும். சாப்பிடலைன்னா எனக்கு ஒடனே போன் பண்ணுங்க."

ஒரு மாதம் ஒழுங்காகத்தான் போனது. மூன்று கிலோவில் முள் நின்றது. பிறகு சாம்பல் புதன் வந்தது. எங்கள் வீட்டில் தபசு நாற்பது நாளும் சுத்தபோசனம். கறி, மீன், கருவாடு எதுவும் அடுப்பேறாது, வெள்ளிக்கிழமைகளில் ஒரே வேளை சாப்பிடும் ஒருசந்தி வேறே.

"கோழிய என்னங்க பண்றது?" என்று அன்றைக்கே கேட்டேன்.

"டாக்டரம்மாதான் கறியக் கம்மி பண்ணச் சொல்லிட்டாங்களே. வெள்ளைக்கருவும் சோறும் போதும்."

"முட்டை மட்டும் பரவாயில்லீங்களா?"

"அது மருந்து."

நான் மேற்கொண்டு பேசவில்லை. பேசியிருக்க வேண்டும். முப்பத்தோரு வருசம் ரைட்டராக இருந்தவரிடம் டைரியில் எழுதியதைப் பற்றி யார் வாதாடுவது? டாக்டரம்மாவுக்கும் அவர் போன் பண்ணவில்லை. எடை கூடுகிற பூனையைச் சாப்பிடவில்லை என்று எப்படிச் சொல்வது என்பது அவர் கேள்வி.

*

வெளியாள் என்றால் எங்களுக்குப் பக்கத்தில் ஒரே வீடுதான். வேலியோரம் சவுக்கு மரங்கள், அவற்றின் மேல் மிளகுக் கொடி, அந்தப் பக்கம் கண்ணாயி வீடு. எஸ்டேட் வருவதற்கு முன்னாலிருந்தே இந்த மலையில் இருக்கிற குடும்பம். சாமை, பலா, கொஞ்சம் காப்பி என்று அவர்களுக்குச் சொந்தக் காடு. ஆனாலும் கண்ணாயி இருபது வருசம் எங்கள் எஸ்டேட்டில் பழம் பறித்தாள். இவர் கை போகாத பை இல்லை, அவள் பை உட்பட.

"அவதான்" என்றார் இவர்.

"எதுக்குங்க?"

"பொங்கலுக்கு அவ கோழிக்குஞ்சு ரெண்டு காணாமப் போச்சுன்னு வேலிகிட்ட வந்து கத்துனாளே, ஞாபகம் இல்லையா? நம்ம பூனைதான்னு கையக் காட்டிச் சொன்னா."

"நாலு பல்லு வெச்சுக்கிட்டு இது குஞ்சு புடிக்குதாக்கும்னு நீங்களும் திருப்பிக் கத்துனீங்க."

"போன வாரம் அவ ஊட்டுக்காரன் ஐயாக்கண்ணு பஸ்ஸுல எலி மருந்து வாங்கிட்டு வந்தான். நான் கண்ணால பார்த்தேன்."

"எலிக்கு வாங்குனதா இருக்கும்."

"எலிக்கு வாங்குனது எலிக்குத்தான் போகும்னு இருக்குதா?"

அன்று மத்தியானமே வேலிப்பக்கம் போனேன். சண்டை போடப் போகவில்லை, வாயைக் கிண்டிப் பார்க்கத்தான். கண்ணாயி பாயில் மிளகைப் பரப்பிக் காலால் கிளறிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் ஒரு கை சேலை மடிப்புக்குள் போனது.

"மொளகு காஞ்சிருச்சா கண்ணாயி?"

"காயுதுங்க ரைட்டரூட்டம்மா. பூன எங்கீங்க?"

வந்தவளை உட்காரச் சொல்லவில்லை. முதல் கேள்வியே பூனை.

"ஊட்டுல தூங்குது."

"என்னுங்க திங்குது இப்பெல்லாம்?"

"டாக்டரம்மா சொன்னதத் திங்குது."

"ஓ." காலால் மிளகை ஒரு தள்ளுத் தள்ளினாள். "நொம்ப எளச்சுப் போச்சுங்க. ஏனுங்க, உங்க நோம்பு இன்னும் எத்தன நாளைக்கு?"

"எதுக்குக் கேக்கற?"

"சும்மாதானுங்க."

"இருபத்திரெண்டு நாள் இருக்குது."

"இருபத்திரெண்டா!" விரலை மடக்கினாள். "அதுவரைக்கும் தாங்குமான்னுதான் பாக்கறேன்."

"எது தாங்கணும்?"

"மழைங்க. மொளகு காயற வரைக்கும் மழ வராமத் தாங்கணுமுல்ல."

வானத்தைப் பார்த்தேன். பிள்ளையார் எறும்பளவு மேகம்கூட இல்லை.

"மடியில என்ன கண்ணாயி?"

"மொளகுதானுங்க."

மிளகு நாறுமா? எனக்குக் கண்தான் கொஞ்சம் மங்கல், மூக்கு இல்லை. ஆனால் இருபத்திநாலு நாளாகக் கவுச்சியை விட்டவளுக்கு எதிலும் கவுச்சி நாறும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் இவர் காத்திருந்தார்.

"என்ன சொன்னா?"

சொன்னேன். "தாங்குமான்னு பாக்கறேன்" என்ற இடத்தில் இவர் என்னை நிறுத்தி, இன்னொரு முறை சொல்லச் சொல்லி டைரியில் எழுதிக்கொண்டார்.

*

ஞாயிறும் திங்களும் வேலி தெரிகிற குளியலறை ஜன்னலே அவருக்கு வீடாகிவிட்டது.

"காலையில பத்து மணிக்கு வேலிக்கு அந்தப் பக்கம் போகுது. பத்தரைக்கு வருது. வந்ததும் தண்ணி. நாலு கிண்ணத்துலயும் தண்ணி. அப்புறம் வாந்தி. மறுபடியும் தண்ணி."

"வாந்தியப் போட்டோ எடுக்காதீங்க. போனத் தொறந்தாலே கொமட்டுது."

"சாட்சி வேணும்."

"யாருக்கு?"

"போலீசுக்கு."

"பூனைக்குப் போலீசா? சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்."

ரோபஸ்டா அவர் மடியில் கிடந்தது. அதன் வாயிலிருந்து ஒரு மாதிரி காட்டமான வாடை வந்தது. பிள்ளைகள் ஓசூர் ஒன்று, கோயம்புத்தூர் ஒன்று என்று போன பிறகு அவர் "வா கண்ணு, வா சாமி" என்று கூப்பிடுவது இந்த ஒன்றைத்தான். என்னைக் கூப்பிட்டு எத்தனையோ வருசமாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலை ரோபஸ்டா எழுந்தது. இரண்டு எட்டு வைத்தது. பின்னங்கால் சரிந்து உட்கார்ந்துவிட்டது.

இவர் பூனையைப் பார்க்கவில்லை. நேரே வேலிக்கு ஓடினார். சவுக்கு மரத்தடியில், மிளகுக் கொடியின் மறைவில் ஒரு கொட்டாங்கச்சி இருந்தது. எடுத்து வந்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். அடியில் பழுப்பாய் ஏதோ ஒட்டியிருந்தது, அதன் மேல் வெள்ளை வெள்ளையாய்ப் பொடி.

"பாரு. எலி மருந்து."

"மாதாவே!"

"துண்டு எடு. பூனையச் சுத்து. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது கண்ணாயி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடி வந்தாள்.

"பூனைக்கு என்னாச்சுங்க? ஏனுங்க ரைட்டரய்யா, உசுரு இருக்குதா?"

இவர் கொட்டாங்கச்சியைப் பிளாஸ்டிக் கவரோடு தூக்கிக் காட்டினார். "இதுல என்னத்தப் போட்டே?"

அவள் முகம் வெளுத்துப்போனது. நான் பார்த்தேன். குற்றம் செய்தவள் முகம்தான், சந்தேகமே இல்லை.

"கேக்கறேன்ல?"

"நீங்க என்னத்தப் போட்டீங்க அதுக்கு?" திடீரென்று அவளும் எகிறினாள். "பதினாறு வருசம் வளத்த சீவன எலும்பாக்கி வெச்சிருக்கறீங்களே, அத மொதல்ல சொல்லுங்க!"

"அய்யா, சண்டையா பஸ்ஸா?" என்று கண்டக்டர் கேட்டார்.

ஏறினோம். யாரும் கூப்பிடாமலே கண்ணாயியும் ஏறினாள். இவர் முன் சீட்டில் பூனையோடு, நான் பக்கத்தில், அவள் பின்னால். ஏற்காடு வரும் வரைக்கும் இவர் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். அவள் மட்டும் இரண்டு வளைவுக்கு ஒருமுறை எழுந்து, என் தோளுக்கு மேலே எட்டி, துண்டு மூச்சு விடுகிறதா என்று பார்த்து உட்கார்ந்தாள். செத்துவிட்டதா என்று பார்க்கிறாள் என்று எனக்குத் தோன்றியது.

*

டாக்டரம்மா சிவரஞ்சனி ரோபஸ்டாவின் தோலைக் கழுத்தில் கிள்ளி இழுத்தார். இழுத்த தோல் அப்படியே நின்றது.

"ஒடம்புல தண்ணியே இல்லீங்க. ஒடனே ட்ரிப்ஸ் போடணும்."

"அதுக்கு முன்ன இதப் பாருங்க டாக்டரம்மா." இவர் மேசை மேல் கொட்டாங்கச்சியை வைத்தார். "விசம். யாரு வெச்சதுன்னும் தெரியும். வெளிய நிக்கிறா."

"வெளிய இல்லீங்க, உள்ளதான் நிக்கிறேன்."

கண்ணாயி வந்து மேசைப் பக்கம் நின்றாள். கொட்டாங்கச்சியைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள். அப்புறம் கையை விட்டு, ஒட்டிக்கிடந்ததைச் சுரண்டி எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

"அம்மா! துப்புங்க! துப்புங்கம்மா!" டாக்டரம்மா ஊசியோடு ஓடி வந்தார்.

கண்ணாயி நிதானமாக மென்றாள். "விசமா இருந்தா நானும் சாகறேன் கண்ணு. கருவாடு. ரைட்டரூட்டுக் கருவாடுதான்."

"எங்க ஊட்டுக் கருவாடா?" என்றேன்.

"நீங்கதானுங்களே நோம்பு தொடங்கறதுக்கு முன்னால டப்பாவோட குடுத்தீங்க, ஊட்டுல இருந்தா ஆசையா இருக்கும்னு சொல்லி."

கொடுத்தேன். வருசா வருசம் கொடுக்கிறதுதான். கொடுத்த பிறகுதான் டப்பாவை வாங்கிக் கழுவிக் கவிழ்த்தேன். நாலு நாளாக யார் யாரையோ சந்தேகப்பட்டவளுக்கு இது ஒன்று மட்டும் ஞாபகம் வரவில்லை.

"அந்த வெள்ளைப் பொடி?" என்று இவர் விடாமல் கேட்டார்.

"உப்புங்கய்யா" என்றார் டாக்டரம்மா, வேலையிலிருந்து தலை தூக்காமல். ஊசி ஏறிவிட்டது. பாட்டிலிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. "கருவாட்டு உப்பு. அதுதான் இந்தத் தாகம், இந்த வாந்தி. ஏம்மா, கிட்னி போன பூனைக்குக் கருவாடு குடுக்கலாமா?"

"எனக்கு அதெல்லாம் யாரு கண்ணு சொன்னாங்க? பொழுது விடிஞ்சா அது எங்க ஊட்டு வாசல்ல வந்து நின்னு கத்துது. வயிறு முதுகோட ஒட்டிக் கெடக்குது. வேலியில எட்டிப் பார்த்தா அது தட்டுல வெள்ளையா ஒரு களி. கறி வாசனை இல்ல, மீன் வாசனை இல்ல. இவங்க நோம்புல பூனையையும் சேத்துட்டாங்கன்னு நெனச்சேன்."

டாக்டரம்மா இவர் பக்கம் திரும்பினார். "கோழி எவ்வளவு குடுக்கிறீங்க ஐயா?"

இவர் பூனையின் முதுகைத் தடவினார்.

"ஐயா?"

"தபசுங்க டாக்டரம்மா."

"யாருக்குங்க?"

"அதத்தான் கண்ணு நானும் கேக்கறேன்!" என்றாள் கண்ணாயி.

இவர் டைரியை எடுத்தார். பக்கத்தைப் புரட்டினார். "கறி கம்மின்னு நீங்கதான்…"

"கம்மின்னு சொன்னேன். நிறுத்துங்கன்னு எழுதியிருக்குதா?"

அவர் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நாலு நாளாக எல்லோர் பையிலும் கையை விட்டுப் பார்த்த மனுசர். தன் சட்டைப் பையில் இருந்ததை அப்போதுதான் பார்த்தார்.

"அவங்க கருவாடு தப்புதான்" என்றார் டாக்டரம்மா. "கெடுத்துத்தான் இருக்குது. ஆனா வெறும் வயித்தோட பன்னெண்டு நாள் கெடந்திருந்தா போன வாரமே நீங்க குழி தோண்டியிருப்பீங்க. நீங்க மூணு பேரும் சேர்ந்து பாதி கொன்னு, பாதி காப்பாத்தியிருக்கீங்க."

"மூணு பேருமா?" என்றேன்.

"நீங்க ஊட்டுலதானம்மா இருந்தீங்க?"

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

அப்புறம் இவர்தான் கேட்டார், தரையைப் பார்த்துக்கொண்டு. "என்கிட்ட நேராக் கேட்டிருக்கலாமே கண்ணாயி? எதுக்கு ஒளிஞ்சு ஒளிஞ்சு வெக்கணும்?"

"அடுத்தவங்க நோம்புல குறுக்க பேசலாமுங்களா? நாங்களும் எங்க மலைச்சாமி சேர்வராயனுக்கு நோம்பிருக்கிறவங்கதான். ஒருத்தர் நோம்பக் கலச்சா அந்தப் பாவம் கலச்சவளுக்கு. அதனாலதான் சாமிக்கு ஒரு தேங்கா நேந்துக்கிட்டு, யாரும் பாக்காமப் போட்டேன். கேட்டா மட்டும் நம்பியிருப்பீங்களாக்கும்? இருபது வருசம் எம் பையில கைய உட்டுப் பார்த்தீங்க. என்னிக்காச்சும் ஒரு கல்லு கெடச்சுதுங்களா ரைட்டரய்யா?"

பாட்டில் சொட்டிக்கொண்டிருந்தது.

"இல்ல" என்றார். பிறகு, "ஒரு நாளும் இல்ல."

"அப்புறம் எதுக்கு அடுத்த நாளும் உட்டீங்க?"

அவர் டைரியை மூடிச் சட்டைப் பையில் வைத்தார்.

டாக்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "இன்னும் ரெண்டு நாள் வந்து ட்ரிப்ஸ் போட்டுக்கணும். அப்புறம் கோழிதான். உப்பில்லாம அவிச்சு, கையால பிச்சு. அது மறுபடியும் சாப்பிட ஆரம்பிச்சாத்தான் பேச்சு. இல்லைன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாதுங்க."

இவர் என்னைப் பார்த்தார். எனக்கு அந்தப் பார்வை தெரியும். நாற்பத்திரண்டு வருசத்தில் ஒரு தபசுக்கும் எங்கள் அடுப்பில் கறி ஏறினதில்லை.

"நான் அவிச்சுக் கொண்டாறேன்" என்றாள் கண்ணாயி. "உங்க ஈஸ்டரு வரைக்கும்."

"உப்பு போடக் கூடாது" என்றார் இவர் உடனே.

"மாட்டேனுங்க."

"மஞ்சத்தூள்?"

"மாட்டேனுங்க."

"எலும்பு ஒண்ணு ரெண்டு…"

"ரைட்டரய்யா, நான் உங்ககிட்ட வேலைக்கு நின்ன காலம் போச்சுங்க."

டாக்டரம்மா சிரிப்பை அடக்கப் பேப்பரில் எதையோ எழுதினார்.

*

இன்று சனிக்கிழமை. காலையில் தராசில் மாட்டினோம். இரண்டு கிலோ எழுநூறு.

"குறைஞ்சிருச்சு" என்றேன்.

"குறையட்டும். இது கல்லு இல்லாத எடை" என்றார். காலண்டரில் எழுதும்போது பென்சில் முனை ஒடிந்தது. மறுபடியும் சீவி எழுதினார்.

இந்த நாலு நாளும் ரோபஸ்டா எதையும் வாயில் வைக்கவில்லை. கண்ணாயி கொண்டுவருகிற கோழியை முகரும், திரும்பிப் படுத்துக்கொள்ளும். இவரும் ஒவ்வொரு முறையும் கிண்ணத்தை வாங்கி வெளிச்சத்தில் காட்டி, விரலால் அடி வரைக்கும் கிளறி, எலும்பு இருக்கிறதா என்று பார்த்த பிறகே தரையில் வைத்தார். கண்ணாயி பார்த்துக்கொண்டே நிற்பாள்.

இன்று பத்து மணிக்கு வந்தாள். வேலிக்கு மேலே கிண்ணத்தை நீட்டினாள். ஆவி பறந்தது.

"தண்ணிய நெறைய உட்டு, குழைய அவிச்சிருக்கேனுங்க. பல்லில்லாத சீவனுக்கு மெல்ல முடியாதோ என்னமோ. ஆறறதுக்குள்ள வெச்சுப் பாருங்க."

இவர் கிண்ணத்தை வாங்கினார். வலது கை தன்னால் மேலே வந்தது. கிண்ணத்தின் விளிம்பு வரைக்கும் போனது. அங்கேயே நின்றது. பிறகு கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, கிண்ணத்தை அப்படியே என்னிடம் கொடுத்தார்.

"வெச்சிரு."

கண்ணாயி அவரைப் பார்த்தாள். அவர் சவுக்கு மரத்தைப் பார்த்தார்.

நான் கிண்ணத்தோடு வாசலில் கிடந்த ரோபஸ்டாவிடம் போனேன். குனிந்தேன். அப்போதுதான் எனக்குள் ஒன்று கேட்டது: பழக்கதோசத்தில் ஒரு சிட்டிகை போட்டிருந்தால்? உப்பில்லாமல் யாராவது கறி அவிப்பார்களா? மறந்தாப்போலக்கூடக் கை போயிருக்கும். அவரோ பார்க்காமல் கொடுத்துவிட்டார். யாராவது ஒருத்தர் பார்க்க வேண்டாமா?

முதுகை வேலிப் பக்கம் காட்டிக்கொண்டு, விரலைச் சாற்றில் தொட்டு நாக்கில் வைத்தேன்.

துளி உப்பில்லை. வெறும் கோழி. மஞ்சள்கூட இல்லாத, வெந்நீர் மாதிரி ஒரு சாறு.

"ரைட்டரூட்டம்மா!" வேலியிலிருந்து குரல் வந்தது. "உங்க தபசு போச்சுங்களே!"

திரும்பினேன். கண்ணாயி ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். இவர் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உப்பு இருக்குதான்னு பார்த்தேன்" என்றேன்.

"இருக்குதுங்களா?"

"இல்ல."

"சரி, உடுங்க. சாமிக்கு இன்னொரு தேங்கா சேத்து நேந்துக்கறேன். உங்க பேருக்கு."

இவர் என்னைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் என்னைத் தாண்டிக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். கையை மெதுவாகத் தூக்கி, "உஸ்… பேசாதீங்க" என்றார்.

நான் கையில் தாழப் பிடித்திருந்த கிண்ணத்தின் விளிம்பில் ரோபஸ்டா நாக்கை நீட்டி நக்கிக்கொண்டிருந்தது.